ஸ்காப்பா ஃப்ளோவில் மூழ்கிக் கிடக்கும் ஜெர்மன் போர்க்கப்பல்கள்: டைவ் அடிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டைவிங் கற்றுக்கொண்டது புதுச்சேரியில். வேலை அபர்தீனுக்கு இழுத்துக்கொண்டு வந்ததால் குளிர்த் தண்ணீருக்குப் பழக வேண்டியதாகிவிட்டது. ஸ்காப்பா ஃப்ளோவுக்கு இரண்டு தடவை போய் வந்தேன், அதிலிருந்து நண்பர்கள் கேட்ட கேள்வியையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஸ்காப்பா ஃப்ளோ எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் வட முனையைத் தாண்டினால் ஓர்க்னி தீவுகள். அந்தத் தீவுகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவில் 300 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்புள்ள ஒரு கடல். ஏரி மாதிரி இருக்கும், ஆனால் உப்புத் தண்ணீர். வெளியே அட்லாண்டிக் கொந்தளித்தாலும் உள்ளே ஓரளவு அடங்கியிருக்கும் என்பதால்தான் இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படை இங்கே நங்கூரம் போட்டது. ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஃபெரியில் ஒன்றரை மணி நேரம், ஸ்ட்ராம்னெஸ் என்ற சின்னத் துறைமுக ஊரில் இறங்கலாம். டைவிங் படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஜெர்மன் கப்பல்கள் அங்கே எப்படி வந்தன? சண்டையில் மூழ்கினவையா?

இல்லை, அவர்களே மூழ்கடித்துக்கொண்டவை. 1918 நவம்பரில் போர்நிறுத்தம் வந்ததும் ஜெர்மனியின் பெரிய கடற்படைக் கப்பல்கள் 74 இங்கே கொண்டுவந்து காவலில் வைக்கப்பட்டன. கப்பல்களை யார் யார் பங்கு போட்டுக்கொள்வது என்று பாரிஸில் மாதக்கணக்கில் பேச்சு. கப்பல்களிலோ அரைகுறை ஆட்கள், மட்டமான சாப்பாடு, கரையில் கால் வைக்க அனுமதி கிடையாது. தளபதி லுட்விக் ஃபான் ராய்ட்டர், கப்பல்கள் எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று முன்கூட்டியே எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். 1919 ஜூன் 21 காலையில் காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் கப்பல்களில் பெரும்பாலானவை பயிற்சிக்காக வெளியே போயின. பத்து மணி வாக்கில் தயாராக இருக்கச் சொன்ன ராய்ட்டர், பதினொன்று இருபது வாக்கில் மூழ்கடிக்கும் சமிக்ஞை கொடுத்தார், அடித்தட்டு வால்வுகள் திறக்கப்பட்டன. பன்னிரண்டே கால் மணிக்கு ஃப்ரீட்ரிஷ் டெர் கிராஸ என்ற பெரிய கப்பல் கவிழ்ந்து முதலில் போனது, மாலை ஐந்து மணிக்கு ஹிண்டன்பர்க் கடைசியாக. மொத்தம் 52 கப்பல்கள். ஸ்ட்ராம்னெஸ் பள்ளிப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் ஒரு சின்னப் படகில் கப்பல்களைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள் என்பது கூடுதல் கூத்து, கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கவிழ்வதைப் பார்த்திருக்கிறார்கள். பதறிப்போன பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஜெர்மானியர் 9 பேர் இறந்தார்கள், மார்க்கிராஃப் கப்பலின் கேப்டனும் அதில் ஒருவர்.

எம்டன் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்களே, நம்ம எம்டனா?

பெயர் அதே, கப்பல் வேறு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்து, 'சரியான எம்டன்டா அவன்' என்று நம் பேச்சிலேயே நிலைத்துவிட்ட அந்த எம்டன், அதே நவம்பரில் கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிவாங்கி முடிந்துபோனது. அதன் நினைவாகப் பெயர் சூட்டப்பட்ட இரண்டாவது எம்டன்தான் ஸ்காப்பாவுக்கு வந்தது. ராய்ட்டருடைய பெரிய கப்பலில் மாலுமிகள் அடங்காமல் ஆட்டம் போட்டதால் 1919 மார்ச்சில் அவர் எம்டனுக்கு மாறிக்கொண்டார், மூழ்கடிக்கும் சமிக்ஞை கிளம்பியதும் அதிலிருந்துதான். ஆனால் எம்டன் மூழ்கவில்லை, பிரிட்டிஷார் கரைப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பிறகு பிரான்ஸுக்குப் போய் உடைக்கப்பட்டது. அதனால் டைவ் அடித்து எம்டனைப் பார்க்க முடியாது, கேட்டு ஏமாறாதீர்கள்.

52 மூழ்கியது சரி, இப்போது எத்தனை மிச்சம்?

பெரியவை ஏழு. கூனிக், மார்க்கிராஃப், கிரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் என்ற மூன்று பேட்டில்ஷிப் (பெரிய பீரங்கிப் போர்க்கப்பல்). பிரம்மர், கேல்ன், டிரெஸ்டன், கார்ல்ஸ்ரூ என்ற நான்கு குரூசர் (அதைவிடச் சின்ன, வேகமான போர்க்கப்பல்). மற்றவற்றை எர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி 1924-இலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கினார். கப்பலைத் தூக்கி முன்னனுபவம் ஏதும் இல்லாத ஆள்! ஓட்டைகளை அடைத்து, உள்ளே காற்றை அழுத்தி, கவிழ்ந்த நிலையிலேயே மிதக்கவிட்டு இழுத்துப் போயிருக்கிறார்கள். அவருக்குப் பிறகு இன்னொரு கம்பெனி தொடர்ந்தது, கடைசியாக 1939-இல் டெர்ஃப்ளிங்கர். மிச்சமிருக்கும் ஏழும் தூக்குவதற்குக் கட்டுப்படியாகாத ஆழத்தில் கிடந்தவை. அவற்றிலும் வெடி வைத்து செம்பு, வெண்கலம் எல்லாம் கழற்றிவிட்டார்கள், அதனால் இயந்திர அறைப் பக்கம் பெரிய பெரிய கிழிசல்கள். அணுகுண்டு யுகத்துக்கு முந்தைய எஃகு என்பதால் கதிர்வீச்சை அளக்கும் நுட்பக் கருவிகளுக்கும் இங்கிருந்து துண்டுகள் போயிருக்கின்றன.

தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும்? தாங்க முடியுமா?

குளிர்கால முடிவில் 6, 7 டிகிரி. ஆகஸ்ட், செப்டம்பரில் 12, 13. புதுச்சேரியில் 28 டிகிரியில் டீஷர்ட் போட்டுக் குதித்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். ஆனால் நேர்மையாகச் சொன்னால், எல்லாரும் பயப்படுகிற குளிர் உடம்பில் தெரியவே தெரியாது, ஏனென்றால் தண்ணீர் புகாத ட்ரை சூட்டுக்குள் உடம்பு நனைவதில்லை. தெரிவது முகத்திலும் விரலிலும்தான். உதட்டைச் சுற்றி முதல் இரண்டு நிமிடம் சுருக்கென்று குத்தும், அப்புறம் மரத்துவிடும். விரல்கள் அப்படி இல்லை, நேரம் போகப்போக மோசமாகும், இருபதாவது நிமிடத்தில் ஒரு கொக்கியை மாட்டவே தடுமாறுவீர்கள். காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் நல்ல கையுறைக்குச் செலவழியுங்கள், கேமரா அப்புறம்.

இன்னொன்று. கீழே இருக்கும்போது கதகதப்பாக இருந்து, மேலே வரும் வழியில் நின்று காத்திருக்கும்போது குளிர்ந்துபோனால் உடம்பிலிருந்து நைட்ரஜன் வெளியேறுவது மந்தமாகும், அந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழியாகி வரும் டிகம்ப்ரஷன் நோய்க்கு அது வசதி. அதனால் 'கொஞ்சம் குளிருது, பரவாயில்லை' என்று இன்னும் பத்து நிமிடம் இழுக்காதீர்கள்.

ட்ரை சூட் எப்படி வேலை செய்கிறது? உடனே பழகிவிடுமா?

கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கமாக அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே வராது. சூடு தருவது சூட் இல்லை, அதற்குள் போடும் தடித்த உள்ளுடை. ஆழம் போகப்போக சூட் உடம்போடு நசுங்கும், அப்போது நெஞ்சிலுள்ள பட்டனை அழுத்திக் கொஞ்சம் காற்று விட வேண்டும். மேலே வரும்போது அந்தக் காற்று விரியும், அதைத் தோளிலுள்ள வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். இவ்வளவுதான் சமாச்சாரம்.

உடனே பழகாது. ஒரு ஸ்காட்லாந்து ஏரியில் என் முதல் ட்ரை சூட் டைவில் தலையைக் கவிழ்த்து எதையோ பார்க்கப் போய், காற்றெல்லாம் கால்பக்கம் ஏறி, இரண்டு காலும் பலூன் மாதிரி உப்பி, தலைகீழாக மேலே போய்ச் சேர்ந்தேன். ஐந்து மீட்டர் ஆழம் என்பதால் சிரித்துக்கொண்டே வந்தாயிற்று. முப்பது மீட்டரில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. இன்னொரு தடவை வாடகைக்கு எடுத்த சூட்டின் கழுத்துப் பட்டை கிழிந்திருந்ததைக் கவனிக்காமல் இறங்கிவிட்டேன். எட்டு டிகிரித் தண்ணீர் முதுகுத்தண்டு வழியாக இடுப்புவரை மெதுவாக இறங்கியது, அன்றைக்கு மத்தியானம் முழுக்கப் பல் தந்தி அடித்தது. கடையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, போட்டுப் பார்க்காதது என் தப்பு. குறைந்தது பத்துப் பதினைந்து ட்ரை சூட் டைவாவது ஏரியிலோ தண்ணீர் நிரம்பிய கல்குவாரியிலோ முடித்துவிட்டு ஓர்க்னிக்குப் போங்கள். தண்ணீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயமும் கூடும், புதுச்சேரியில் எனக்கு 4 கிலோ போதும், இங்கே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

ரெகுலேட்டர் உறைந்துபோகும் என்கிறார்களே?

ஆமாம், நடக்கும். ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி. அழுத்தத்திலிருந்து விடுபடும் காற்று சட்டென்று குளிரும், சுற்றியுள்ள தண்ணீரும் குளிராக இருந்தால் உள்ளே பனிக்கட்டி பிடித்து வால்வு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், காற்று கொட்டோ கொட்டென்று கொட்டும். 10 டிகிரிக்குக் கீழே பயன்படுத்துவதற்கென்றே தண்ணீர் உள்ளே புகாதபடி அடைத்த ரெகுலேட்டர்கள் இருக்கின்றன, அதைத்தான் எடுத்துப் போக வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்ததே போதும் என்று நினைக்காதீர்கள். படகுமேல் நின்றுகொண்டு வாயில் வைத்து ஊதி ஊதிச் சோதிப்பதையும் விட்டுவிடுங்கள், உறைவதற்கு நல்ல சந்தர்ப்பமே அதுதான். கொட்ட ஆரம்பித்துவிட்டால் பயப்படாமல் அதிலேயே சிப்பு சிப்பாகச் சுவாசித்துக்கொண்டு, கூட வந்தவருக்குச் சைகை காட்டி, மேலே கிளம்ப வேண்டியதுதான். தனித்தனி வால்வுள்ள இரட்டைச் சிலிண்டராக இருந்தால் ஒன்றை மூடிவிட்டு மற்றதில் சுவாசிக்கலாம்.

புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் முடித்து பத்து டைவ் போட்டிருக்கிறேன். போதுமா?

போதாது.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. இங்கே குரூசர்களின் அடிப்பக்கம் 36 மீட்டர் வாக்கில், கார்ல்ஸ்ரூ மட்டும் 25 மீட்டர் சுற்றி. மார்க்கிராஃப் 45 மீட்டர். டீப் டைவிங், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று), ட்ரை சூட் மூன்று பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அதோடு பச்சை இருட்டில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே எதுவும் தெரியாமல் இறங்கின பழக்கம் வேண்டும். அந்தமானில் ஐம்பது டைவ் போட்டவரும் இங்கே முதல் நாள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

காற்று எவ்வளவு நேரம் வரும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 மீட்டரில் அழுத்தம் 4.6 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் அங்கே 92 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் (அழுத்த அளவு) வரை நிரப்பினால் 2,400 லிட்டர், அதில் 50 பார் கையிருப்பைக் கழித்தால் 1,800. இருபது நிமிடம்கூட வராது, அதிலேயே இறங்குவதும் ஏறுவதும் அடக்கம். அதனால்தான் அங்கே பெரும்பாலானோர் முதுகில் இரட்டைச் சிலிண்டர். குளிரிலும் பதற்றத்திலும் மூச்சு இன்னும் கூடுதலாகவே போகும்.

நைட்ராக்ஸ் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பழக்கத்தில் 32 சதவீத ஆக்சிஜன் நிரப்பச் சொல்லிவிடாதீர்கள், அது 34 மீட்டர் வரைதான். குரூசரின் அடிவரை போவதாக இருந்தால் 30, 40 மீட்டர் என்றால் 28.

கீழே உண்மையில் என்ன தெரிகிறது?

இதைத்தான் நான் நிறையப் பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஏமாந்துபோய் வந்தவர்களும் உண்டு. என் முதல் டைவ் கிரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம். 175 மீட்டர் நீளக் கப்பல், 1916-இல் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாந்து சண்டையில் நின்றது. கயிற்றைப் பிடித்து இறங்கினேன், பன்னிரண்டு பதிமூன்று மீட்டரிலேயே ஒரு தரை வந்துவிட்டது. பழுப்பாக, வழவழவென்று, பாசி படிந்து, இரண்டு பக்கமும் முடிவே தெரியாமல். அடடா, கடலடிப் பாறையில் இறக்கிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் கப்பல். அதன் அடிவயிறு.

பேட்டில்ஷிப்களுக்கு மேல்பக்கம் பீரங்கியும் கவசமுமாக எடை அதிகம், தண்ணீர் புகுந்ததும் கவிழ்ந்து தலைகீழாகப் போய் உட்கார்ந்துவிட்டன. படத்தில் பார்க்கிற கொடிமரம், மேல்தளம் எல்லாம் அடியில் சேற்றோடு நசுங்கிக் கிடக்கும். கப்பலின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து வைத்து முந்தின இரவு உட்கார்ந்து படிக்காமல் போனால் 35 நிமிடமும் ஒரு இரும்புச் சுவரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அன்றைக்கு எனக்கு அதுதான் நடந்தது. இரண்டாம் தடவை படித்துவிட்டுப் போனேன். பக்கவாட்டில் இறங்கி, 35 மீட்டருக்கு மேல் போய், கப்பலுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இருட்டுக்குள் டார்ச்சை அடித்தால், பனைமரம் சாய்ந்து கிடக்கிற மாதிரி 30.5 சென்டிமீட்டர் பீரங்கியின் குழல். தலைக்குமேல் பத்தாயிரக்கணக்கான டன் இரும்பு தொங்குகிறது என்ற நினைப்பு அப்போது வரும் பாருங்கள், குளிரெல்லாம் மறந்துவிடும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு குரூசர்கள். அவை பக்கவாட்டில் சாய்ந்துதான் கிடக்கின்றன, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தால் கப்பல் கப்பலாகவே தெரியும். கேல்ன் ரொம்ப நன்றாக இருக்கிறது: கவசம் போட்ட கட்டுப்பாட்டுக் கூண்டு, படகு தூக்கும் கொக்கிகள், தளத்தின் ஓரமெல்லாம் அடையாளம் தெரிகிறது. பிரம்மர் கண்ணிவெடி போடுகிற வேகக் கப்பல். 1917 அக்டோபரில் தன் ஜோடிக் கப்பல் பிரெம்ஸவோடு சேர்ந்து நார்வேயிலிருந்து வந்த வணிகக் கப்பல் கூட்டத்தைப் போட்டுத் தள்ளியது. இப்போது வருஷத்துக்கு வருஷம் இடிந்துகொண்டு வருகிறது.

உயிரினம் என்றால் வண்ண மீன் கூட்டமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இரும்பு முழுக்க வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடல் சாமந்திகள். செத்தவன் விரல் என்று ஆங்கிலத்தில் அழைக்கிற வெளிர்நிற மென்பவளம், பெயருக்கு ஏற்ற மாதிரியே இருக்கும். கடல் முள்ளெலிகள், நட்சத்திர மீன்கள், ஏதாவது ஓட்டையில் முறைத்துக்கொண்டு ஒரு பெரிய விலாங்கு.

உள்ளே நுழையலாமா?

அதற்கென்று தனிப் பயிற்சி, வழிக்கயிறு, கூடுதல் காற்று இல்லாமல் கூடாது. நூறு வருஷத்துக்கு மேல் துருப்பிடித்த தகடு, மூச்சுக் குமிழி பட்டாலே துரு உதிரும். ஒரு காலசைவில் சேறு கிளம்பினால் உங்கள் கை உங்களுக்கே தெரியாது. நான் நுழைந்ததில்லை.

ராயல் ஓக் கப்பலும் அங்கேதானே இருக்கிறது?

இருக்கிறது, ஆனால் டைவ் அடிக்க முடியாது. 1939 அக்டோபர் 14 நள்ளிரவுக்குப் பிறகு யூ-47 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி உள்ளே புகுந்து மூழ்கடித்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் அது, 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1917-இல் வெடித்துச் சிதறிய வேன்கார்டும் அப்படித்தான். இரண்டும் கல்லறைகள். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா என்று படகுக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. வசந்தத்தில் மிதவைப் பாசி பெருகித் தண்ணீர் பட்டாணி சூப் மாதிரி ஆகிவிடும் வாரங்களும் உண்டு. ஐந்து மீட்டர் தெரிந்தால் சாதாரணம், பதினைந்து தெரிந்தால் அதிர்ஷ்டம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் எனக்குப் பிடித்தது. ஜூனில் போனால் ராத்திரி பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கும், தூக்கம்தான் வராது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் ஒரு டைவ், மத்தியானம் ஒரு டைவ். நடுவில் ஹாய் தீவின் லைனெஸ் துறையில் கட்டி நிற்கும் வழக்கம் உண்டு, அங்கே கடற்படை அருங்காட்சியகம், நடக்கிற தூரத்தில் கல்லறைத் தோட்டம். 1919-இல் சுடப்பட்ட ஜெர்மானியர்களின் கல்லறைகளும் அங்கேதான். டைவ் முடிந்ததும் ஆரஞ்சுக் குழாய் மிதவையை ஊதி மேலே விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவீர்கள். படகு தேடிக்கொண்டு வரும், பின்னாலுள்ள லிஃப்டில் ஏறி நின்றால் முதுகுச் சுமையோடு தூக்கிவிடும். கையில் ஒரு கோப்பைத் தேநீரைத் திணிப்பார்கள். ஏலக்காய் இஞ்சியெல்லாம் கிடையாது, ஆனால் அந்த நேரத்தில் அது அமிர்தம்.

இரண்டு மூன்று மணி நேரம் சூட்டுக்குள் இருந்தால்... அந்த அவசரத்துக்கு?

எல்லாரும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பது. ஆண்களுக்கு உறை, குழாய், தொடையில் ஒரு வால்வு; பெண்களுக்கும் அதற்கேற்ற கருவி உண்டு. பெரியவர்களுக்கான டயாப்பர் கட்டிக்கொள்கிறவர்களும் நிறைய. தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், உடம்பில் நீர் குறைந்தால் டிகம்ப்ரஷன் ஆபத்து கூடும்.

நினைவாக ஒரு சின்னத் துண்டு எடுத்து வரலாமா?

கூடாது. இந்த ஏழு கப்பல்களும் 2001-லிருந்து பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். பார்க்கலாம், எடுத்தால் வழக்கு. வேடிக்கை என்னவென்றால் இவற்றில் நான்குக்குத் தனி உரிமையாளர் உண்டு. 2019-இல் ஈபேயில் விற்பனைக்கு வந்து, மூன்று பேட்டில்ஷிப்களும் தலா 25,500 பவுண்டுக்கும், கார்ல்ஸ்ரூ 8,500 பவுண்டுக்கும் போயின. வாங்கினவரும் எடுத்துப் போக முடியாது!

டைவ் தெரியாத குடும்பத்தாரைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ராயல் ஓக் போனபிறகு கிழக்குப் பக்கக் கடல்வழிகளை அடைக்க சர்ச்சில் தடுப்பணைகள் என்று நான்கு கட்டினார்கள், இப்போது அதன்மேல் சாலை ஓடுகிறது. கட்ட வந்த இத்தாலியப் போர்க்கைதிகள் தகரக் கொட்டகையை வைத்தே அமைத்த அழகான சின்னத் தேவாலயம் வழியிலேயே இருக்கிறது. அணைகளுக்குப் பக்கத்தில், வழியை அடைக்கவென்றே மூழ்கடித்த பழைய கப்பல்கள் தண்ணீருக்கு மேல் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கும். நான் ஆறு நாள் விரல் விறைக்க டைவ் அடித்துவிட்டுத் திரும்பின அன்றைக்கு, என் மனைவி அந்தச் சாலையோரம் ஹீட்டர் போட்ட காருக்குள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே கண்ணாடி வழியாகக் காட்டினாள்: "நீங்க பார்த்துட்டு வந்ததும் இதே மாதிரி இரும்புதானே?"